கடலடிச் சேற்றின் வயது: கணக்கு சறுக்கும் இடங்கள்

தெலுக் இந்தான் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் வடிகால் தோண்டும்போது சில இடங்களில் சாம்பல்நிறக் களிமண்ணோடு கடற்சிப்பிகளும் மேலே வரும். கடல்மட்டம் இன்றையதைவிடச் சில மீட்டர் உயர்ந்து நின்ற காலத்தின் மிச்சம் அவை. ஆறாம் படிவ மாணவர்களிடம், பழைய எச்சங்களின் வயதை அளக்க உதவும் கதிரியக்கக் கரிமமான கார்பன்-14 பற்றிப் பேச்செடுத்தால், "சார், இந்தச் சிப்பியைக் கொடுத்தால் வயதைச் சொல்லிவிடுவார்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்ணையே வயது என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

கார்பன்-14 காற்றுமண்டலத்தில் பிறக்கிறது. 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. கடலுக்குள் அது மேலிருந்துதான் இறங்க வேண்டும். ஆழத்தில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த பழைய நீர் மேல்நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், மேற்பரப்பில் வாழும் உயிரியின் ஓடுகூட உயிரோடிருக்கும்போதே உலகச் சராசரியில் ஏறத்தாழ 400 ஆண்டு 'வயது' காட்டும். நம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளைக் கழுவி வரும் கிந்தா ஆறு பேராக் ஆற்றில்தான் சேர்கிறது. சுண்ணாம்புக் கல்லில் கார்பன்-14 அறவே இல்லை. அந்தக் கரிமம் கலந்த நீரில் வளர்ந்த கழிமுகச் சிப்பி இன்னும் மூப்பாகத் தெரியலாம்.

"அப்படியானால் 400-ஐக் கழித்துவிட்டால் போயிற்று" என்பது அடுத்த தவறு. மாணவர் கட்டுரைகளில் இது இரட்டைப் பிழையாகவே வருகிறது. கையால் 400-ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தை 'மரைன்20' என்ற, கடல் மாதிரியின் கார்பன்-14 எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் திருத்த வளைகோட்டில் போடுகிறார்கள். அந்த வளைகோட்டிலேயே கடலின் தாமதம், அதாவது கடல்நீர் கூட்டிக்காட்டும் அந்த மூப்பு, அடக்கம். அங்கே நாம் சேர்க்க வேண்டியது, உலகச் சராசரியிலிருந்து நம் கடற்பகுதி எவ்வளவு விலகுகிறது என்ற வட்டாரத் திருத்தம் மட்டுமே.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. பழைய கடல் நீரோட்டத்தைத் தேடுகிறவர்களுக்கு அந்தத் தாமதம்தான் சரக்கு. மேல்நீர் எவ்வளவு விரைவாக ஆழத்துக்கு இறங்கியது என்பதை அதுதான் காட்டுகிறது. இன்று வட அட்லாண்டிக்கின் ஆழ்நீர் இளையது. வட பசிபிக்கின் ஆழ்நீர் ஏறத்தாழ 2,000 ஆண்டு மூப்புக் காட்டுகிறது. பனியூழி எனப்படும் பெரும் பனிக்காலத்தில் இந்த வரிசை எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. தாமதம் எக்காலத்திலும் 400 ஆண்டுதான் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டால், கண்டுபிடிக்க வேண்டியதில் ஒரு பகுதியை நாமே முடிவு செய்துவிட்டோம் என்று பொருள்.

இதற்கு நல்ல வழி, கடலடியில் குழாய் இறக்கி எடுத்த படிவுத் தூணின் ஒரே மட்டத்திலிருந்து ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகளின் இரு வகை ஓடுகளை எடுப்பது: மேல்நீரில் மிதந்தவை ஒரு வகை, கடலடியில் வாழ்ந்தவை மற்றொரு வகை. சேற்றைச் சல்லடையில் அலசி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். மணல் துகள் அளவுதான் இருக்கும். சில மில்லிகிராம் சேர்க்க நூற்றுக்கணக்கில் தேவை. மிதந்தவை 12,400 ஆண்டு, அடியில் வாழ்ந்தவை 14,000 ஆண்டு என்று வந்தால், வித்தியாசமான 1,600 ஆண்டு ஆழ்நீரைப் பற்றிப் பேசுகிறது. பொறுக்க அலுத்துச் சேற்றை மொத்தமாக அனுப்பினால் இது கிடைக்காது. ஆறுகள் அடித்துவந்த பழைய நிலக்கரிமமும் அதில் சேர்ந்திருக்கும்.

இரு வகையும் ஒரே மட்டத்தில் கிடைத்ததாலேயே அவை ஒரே காலத்தவை ஆகிவிடா. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கடலடிப் புழுக்கள் மேல் 10 சென்டிமீட்டர் சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் படியும் இடமென்றால், அந்தக் கலவைக்குள் 5,000 ஆண்டு அடங்கிவிடும். ஓர் இனம் திடீரென்று பெருகிய காலத்தில் அதன் ஓடுகள் மேலும் கீழும் பரவி, அண்டை மட்டங்களின் வயதையும் இழுத்துவிடும். எந்த நீரோட்டமும் மாறாமலே வித்தியாசம் மட்டும் மாறும். எனவே படிவு வேகமாகச் சேரும் இடமாகப் பார்க்க வேண்டும்; இரு இனங்களும் மிகுந்து கிடக்கும் மட்டங்களில்தான் மாதிரி எடுக்க வேண்டும். ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கையையும் வெளியிடாத அட்டவணையை நான் நம்புவதில்லை.

இடத்தையும் யோசிக்க வேண்டும். நம் வாசலில் இருக்கும் மலாக்கா நீரிணையில் பனிக்காலக் கடலைத் தேடிப் பயனில்லை. கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்த அப்போது அதன் பெரும்பகுதி தரையாகக் கிடந்தது. தென்சீனக் கடல் ஆழமானதுதான். ஆனால் அதன் ஆழ்நீர் லூசோன் நீரிணையின் அடித்திட்டைத் தாண்டி பசிபிக்கிலிருந்து வருவது; அந்தத் திட்டு சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆகவே தென்சீனக் கடலில் 3,500 மீட்டர் ஆழத்தில் எடுத்த ஓடுகளை வைத்துக்கொண்டு பசிபிக்கின் 3,500 மீட்டரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

காற்றுமண்டலமும் சும்மா இருப்பதில்லை. சுமார் 17,500 முதல் 14,500 ஆண்டுகளுக்கு முன்வரை அதன் கார்பன்-14 அளவு கணிசமாகச் சரிந்தது. அந்தக் காலத்து ஆழ்நீர், அளவு கூடுதலாக இருந்தபோது மேற்பரப்பை விட்டு இறங்கியது. ஆகவே வெறும் கழித்தல் அதை உள்ளதைவிட இளமையாகக் காட்டும். அது இறங்கிய காலத்துக் காற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

தூய்மையைப் பற்றி ஒரே கணக்கு போதும். 40,000 ஆண்டுப் பழைய ஓட்டில் நூற்றுக்கு ஒரு பங்கு இன்றைய கரிமம் ஒட்டினால், விடை சுமார் 33,000 என்று வரும். அதனால்தான் அளப்பதற்கு முன் ஓட்டின் மேற்பூச்சை அமிலத்தில் கரைத்து எடுக்கிறார்கள். 50,000 ஆண்டுக்கு அப்பால் இந்த முறை கை கொடுக்காது.

அறிக்கை எழுதும்போது திருத்திய வயதை மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். ஆய்வுக்கூடம் தந்த மூல எண், அதன் பிழை வரம்பு, பயன்படுத்திய வளைகோடு, வட்டாரத் திருத்தம் நான்கும் அட்டவணையில் இருக்க வேண்டும். 'இன்றிலிருந்து' என்றால் 1950-லிருந்து என்பதையும் குறிப்பிடுங்கள். மரைன்04, 09, 13, 20 என்று வளைகோடு மாறிக்கொண்டே வருகிறது. அடுத்தது வரும்போது, மூல எண் இருந்தால் மட்டுமே உங்கள் வயதை எவரும் மறுபடி கணக்கிட முடியும்.