மாணவரைப் பூர்வகுடி நோயாளியாக நடிக்க வைக்காதீர்கள்

ஆஸ்திரேலியாவில் நர்சிங், மருத்துவம் படிப்பவர்களுக்குப் பூர்வகுடி மக்களின் வரலாற்றையும் உடல்நலத்தையும் ஆன்லைன் ரோல்-பிளே (ஆளுக்கொரு வேடமேற்று சாட்டில் எழுதி நடிப்பது) மூலம் சொல்லிக்கொடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் வேடத்தைப் பிரிக்கும்போதே சறுக்கிவிடலாம். மாணவரிடம் பூர்வகுடி நோயாளி வேடத்தைக் கொடுத்தால், தெரியாத வாழ்க்கையைத் தெரிந்ததுபோல எழுத வேண்டியிருக்கும், குடி, வறுமை, கோபம் என்று எங்கேயோ பார்த்ததெல்லாம் சாட்டில் வந்து கொட்டும், அதைப் படித்துக்கொண்டு அதே வகுப்பில் உண்மையிலேயே ஒரு பூர்வகுடி மாணவர் உட்கார்ந்திருக்கக்கூடும்.

அதிகாரத்தில் இருந்தவரின் வேடத்தைக் கொடுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் உயிரோடு இருந்தாலும்கூட, 16 வயதுவரையுள்ள பூர்வகுடிக் குழந்தைகளுக்குத் தலைமைப் பாதுகாவலர் என்ற அதிகாரியையே சட்டப்படி காப்பாளர் ஆக்கியது. பிள்ளையைத் திருப்பிக் கேட்டு ஒரு தாய் அவருக்கு மனு போடுகிறாள். அந்தச் சட்டத்துக்குள் நின்று பதில் எழுதுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். கை நடுங்கும். நடுங்கட்டும்.

அடுத்த சறுக்கல், வரலாறு ஒரு வாரம், உடல்நலம் இன்னொரு வாரம் என்று பிரிப்பது. 1908 முதல் 1919 வரை, பால்வினை நோய் இருப்பதாகச் சந்தேகப்பட்ட பூர்வகுடி மக்களைப் பிடித்து, பலரைக் கழுத்தில் சங்கிலி மாட்டி, மேற்கு ஆஸ்திரேலியாவின் கார்னார்வன் கரைக்கு அப்பாலுள்ள பெர்னியர், டோர் தீவுகளில் அடைத்தார்கள். அவற்றுக்கும் ஆஸ்பத்திரி என்றுதான் பெயர். பலர் அங்கேயே செத்தார்கள். இது தெரியாத மாணவர், இன்று ஒரு பூர்வகுடி நோயாளி சிகிச்சை முடியுமுன் கிளம்பினால் ‘சொன்னால் கேட்கமாட்டார்’ என்று எழுதி முடித்துவிடுவார்.

அதற்காக முழுக்கத் துயரமாகவும் ஓட்டாதீர்கள். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடி மக்கள் தாங்களே மருத்துவ மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுபோன்ற ஒன்றுக்கு நிதி கேட்டு வந்தவர்களிடம் பேசும் அரசு அதிகாரியாக மாணவரை உட்கார வைக்கலாம்.

காட்சிகளை எழுதும்போதே உள்ளூர்ப் பூர்வகுடிப் பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சம்பளம் கொடுத்து. எழுதி முடித்துவிட்டு ஒப்புதல் மட்டும் கேட்பது மரியாதை அல்ல. 250க்கு மேற்பட்ட மொழிகள் இருந்த நிலம் அது, ஓர் ஊரின் வழக்கம் இன்னோர் ஊருக்குப் பொருந்தாது; ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவு மக்களோ தனி இனம். இறந்தவரின் பெயரைச் சொல்வதோ படத்தைக் காட்டுவதோ பல சமூகங்களில் கூடாது, ஆகவே ஆவணப் புகைப்படங்களைப் போடுமுன் கேளுங்கள், எச்சரிக்கையும் வையுங்கள்.

அப்புறம், சாட்டை மூடியதும் எல்லாரையும் லாக்-அவுட் செய்ய விடாதீர்கள். வேடத்தைக் கழற்றிவிட்டு, சொந்தப் பெயரில், அரை மணி நேரமாவது பேச வையுங்கள். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.