டெல்டா வீட்டு ஏசி: சும்மா கிடக்கும்போதுதான் கெடுகிறது

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் வீட்டில் ஏசி வைத்திருக்கிறவர்களிடம் சர்வீஸ் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நாலஞ்சு மாசம்தானே ஓடுது, அதுக்கு எதுக்குச் செலவு?" பங்குனியில் போட்டால் ஆடி வரை ஓடும், அப்புறம் ஆவணி, புரட்டாசியில் புழுக்கமான சில ராத்திரிகள், ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் மாசி வரைக்கும் ஃபேனே போதும், மார்கழியில் அதுவும் வேண்டாம். அப்படிப் பார்த்தால் நமக்குச் செலவு குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் பழுதான ஏசிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன், ஓடிக் கெட்டதைவிட ஓடாமல் கிடந்து கெட்டதுதான் அதிகம்.

முதலில் சர்வீஸ் செய்யும் நேரம். பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போதே ஏசியையும் சுத்தம் செய்துவிடுவது முன்பு எங்கள் வீட்டுப் பழக்கம். அதுதான் தப்பு. எங்கள் வீட்டுக் கொல்லைக்கு அந்தப் பக்கம் வயல். சம்பா அறுப்பு தையில் தொடங்கி மாசி வரை போகும், அறுவடை மெஷின் இறங்கினால் நாலு வீடு தள்ளித் துணி காயப்போட முடியாது, அவ்வளவு சுணை. ஒரு வருடம் பங்குனியில் ஏசி போட்டு அரை மணி நேரம் ஆகியும் அறை குளிரவில்லை. மெக்கானிக் தம்பி வந்து வெளி யூனிட்டைத் திறந்து காட்டினார்: அலுமினியத் தகடுகளின் மேல் சுணையும் பதரும் வைக்கோல் துணுக்கும் பனி ஈரத்தில் ஊறி, காய்ந்து, கம்பளி மாதிரி ஒரு படலம். விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் ஒரு சாண் அகலத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. அறையின் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அந்த யூனிட்டின் வேலை, காற்றே புகாவிட்டால் எங்கே தள்ளும்? கம்ப்ரசர் திணறும், கரண்ட் ஏறும், ஆயுசு குறையும். அதனால் வயலை ஒட்டி வீடு இருந்தால் அக்கம்பக்கத்தில் அறுப்பு முடிந்த பிறகு, மாசி கடைசியில் சர்வீஸை வையுங்கள். சித்திரை வரை தள்ளிப்போட்டால் மெக்கானிக் கிடைக்கவே பத்து நாள் ஆகும், வந்தாலும் அடுத்த வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில்தான் இருப்பார். பக்கத்தில் குறுவை போட்டிருந்தால் ஐப்பசி அறுப்புக்குப் பிறகு மெயினை அணைத்துவிட்டு வெளி யூனிட்டில் சாதாரணமாகத் தண்ணீர் பீய்ச்சிவிடுங்கள், அதற்கு ஆள் வேண்டாம்.

எந்தத் தண்ணீர் என்பதையும் பார்க்க வேண்டும். என் தங்கை வீடு நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில், போர் தண்ணீர் உப்பு. கடல் காற்று ஒரு பக்கம் அரிக்க, சர்வீஸ் என்ற பெயரில் அதே உப்புத் தண்ணீரை ஜெட் பம்பில் அடித்தால், செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேர்ந்த அந்தக் 'காயில்' எத்தனை வருடம் தாங்கும்? நல்ல தண்ணீர் நாலு குடம் எடுத்து வைத்து, கடைசி அலசலாவது அதில் செய்யச் சொல்லுங்கள். சிலர் பளிச்சென்று ஆக வேண்டும் என்று ஆசிட் கலந்து அடிப்பார்கள். அது அழுக்கோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்றுவிடும், ஒத்துக்கொள்ளாதீர்கள். மாட்டுக்கொட்டகையை ஒட்டியோ செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்குப் பக்கத்திலோ வெளி யூனிட் இருந்தால் அதை நகர்த்துவதே நல்லது. அங்கிருந்து வரும் வாயுக்கள் செம்பை அரிக்கும்.

பணம் அதிகம் வீணாவது கேஸில்தான். "இந்த வருஷ கேஸ் தீந்துடுச்சு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். ஏசியில் இருக்கும் கேஸ், சமையல் சிலிண்டர் போலச் செலவாகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இது தெரியாமல் மூன்று வருடம் பங்குனிக்குப் பங்குனி கேஸ் போட்டேன், ஒவ்வொரு முறையும் மூவாயிரத்துக்குக் குறையாமல் போனது. நாலாவது வருடம் வேறு ஒருவர் வந்தார். சிலிண்டரைத் தொடவே இல்லை. ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை கேட்டார், வெளி யூனிட்டில் செம்புக் குழாய் சேரும் நட்டில் தடவிவிட்டு, "அண்ணே, இங்க பாருங்க" என்றார். கடுகு அளவில் ஒரு குமிழ் எழும்பி, உடைந்து, திரும்ப எழும்பியது. குழாய் முனையை வெட்டி, புதிதாக விரித்து, நட்டை இறுக்கி முடித்தார். அதற்குப் பிறகு இன்றுவரை கேஸ் போடவில்லை.

கேஸ் ஏற்றும்போது கூடவே நில்லுங்கள். ஓட்டையை அடைத்த பிறகு வாக்குவம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அது உள்ளே தங்கினால் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். வெளி யூனிட் ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். சிலிண்டரை எடை மெஷினில் வைத்து அந்த அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். இப்போது வரும் பல ஏசிகளில் ஆர்-32, அது தீப்பிடிக்கக்கூடியது. கேஸ் உள்ளே இருக்கும்போதே குழாயில் வெல்டிங் வைக்க வந்தால் நிறுத்திவிடுங்கள்.

சில சமயம் கேஸ் குறைவு போலத் தெரிவது வெறும் ஃபில்டர் அழுக்காக இருக்கும். உள் காயிலில் ஐஸ் கட்டினால் முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். ஏசி ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து நிமிட வேலை.

அடுத்தது குளவி. மழைக்காலம் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் வராத டிரெயின் பைப், மண்குளவிக்குக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி. முனையில் மண் வைத்து அடைத்துவிடும், நமக்குத் தெரியாது. பங்குனியில் ஏசி போட்ட முதல் ராத்திரி தண்ணீர் திரும்பி வந்து சுவரில் இறங்கி, கீழே மாட்டியிருந்த எங்கள் தாத்தா படத்தின் கண்ணாடிக்குள் புகுந்துவிட்டது. அந்த ஒரு படம்தான் இருந்தது. பைப் முனையில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள், ஏசி போடும் சீசனுக்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் விட்டு ஓடுகிறதா என்று பாருங்கள்.

மழைக்கு வெளி யூனிட்டைப் பாலிதீனால் இறுக்கிச் சுற்றுவதும் வேண்டாம். அது மழையில் நிற்கவே செய்யப்பட்டது. சுற்றினால் உள்ளே வியர்க்கும், துருப்பிடிக்கும், எலி குடும்பத்தோடு குடியேறும். பதிலாக ஏசிக்கான எம்சிபி சுவிட்சை இறக்கிவிடுங்கள், ஐப்பசி இடியில் பிசிபி, அதாவது ஏசியின் எலெக்ட்ரானிக் போர்டு, போனால் ஆயிரக்கணக்கில் செலவு. பல்லியும் அதே பிசிபியில்தான் ஏறி ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆக்கும், ஒயர் நுழையும் ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை, நல்ல வெயில் நாளில், கால் மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் பூஞ்சை வாடை வராது. பழைய ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரை ஏசிக்குப் போடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒன்றரை டன்னுக்கு 4 கேவிஏ என்றுதான் கடைகளில் கொடுப்பார்கள். கோடையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

வருடாந்திர ஒப்பந்தம் பற்றிக் கேட்பார்கள். கடலோரம் இல்லாமல், ஐந்து மாதம் மட்டும் ஓடும் ஒரே ஏசிக்கு, உதிரி பாகம் சேராத ஒப்பந்தம் தேவையில்லை என்பது என் கருத்து. வருடத்துக்கு ஒரு நல்ல சர்வீஸ் அதைவிட மலிவு.

கடைசியாகக் கரண்ட் பில். 2022 செப்டம்பர் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய், 501 யூனிட் என்றால் 1,958. ஒரு யூனிட் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை போய்விடுகிறது, அதுதான் காரணம். அதற்குப் பிறகு விலை மாறியிருக்கிறது, எனவே இன்றைய கட்டணத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது ஸ்டார் லேபிள் கொடுக்கும் மத்திய அமைப்பின் கணக்கு. சித்திரையில் ரீடிங் எடுத்த முப்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள், 250ஐத் தாண்டியிருந்தால் மீதி மாதத்துக்கு 26-இல் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள்.