மலிவான மைக்கை மென்பொருளால் மேம்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சாதாரண மைக்கில் பேசினால் போதும், ஒரே பொத்தானில் ஸ்டூடியோ தரம்" என்று விளம்பரம் செய்யாத ஒலி மென்பொருள் இன்று அரிது. அந்த வாக்குறுதியில் பாதி உண்மை. மைக்கின் சில குணங்களை மென்பொருள் மிக நேர்த்தியாக மாற்றிவிடும். வேறு சிலவற்றை அதனால் தொடக்கூட முடியாது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்காமல் இறங்கிவிடுவதே முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

மென்பொருளால் மாற்ற முடிகிற குணம் எது என்பதை முதலில் பார்த்துவிடலாம். எந்த மைக்கும் எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் பதிவு செய்வதில்லை. சிலவற்றைத் தூக்கிக் காட்டும், சிலவற்றை அமுக்கும். மைக்கின் "நிறம்" என்று ஒலிப்பதிவாளர்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஏற்ற இறக்கம்தான். ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1960-இல் யு 67 மைக்கையும், 1967-இல் யு 87 மைக்கையும் கொண்டுவந்தது. அந்த மைக்குகளில் ஒலியை வாங்கும் பகுதியான காப்ஸ்யூல் இயல்பாகவே மேல் அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும். அதைத் தணிக்கும் வேலையை மைக்கின் உள்ளே இருக்கும் மின்சுற்று செய்துவிடுகிறது. இன்றைய மலிவான கண்டென்சர் வகை மைக்குகளில் பல அந்தக் காப்ஸ்யூலின் வடிவமைப்பை எடுத்துக்கொண்டு, தணிக்கும் மின்சுற்றை விட்டுவிட்டன. அதனால்தான் அவற்றில் பதிவான 'ஸ', 'ஷ' ஒலிகள் காதைக் குத்துகின்றன.

இங்கே மென்பொருள் உண்மையாகவே கைகொடுக்கும். அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 8 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை அகலமான வளைவாக மூன்று நான்கு டெசிபல் இறக்கினால், அந்த மின்சுற்று செய்திருக்க வேண்டிய வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். குரலின் கூர்மை அடங்கி, கேட்க இதமாகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசரே இதற்குப் போதும்.

ஆனால் பலர் இந்த எளிய வழியை விட்டுவிட்டு, புகழ்பெற்ற மைக்கின் பெயர் போட்ட ப்ரீசெட்டை, அதாவது முன்கூட்டியே அமைத்துவைத்த திருத்தத்தை, தேடிப் போகிறார்கள். எந்த ஊரில் நிற்கிறோம் என்று தெரியாமல் வழி கேட்பது போன்றது இது. ஒரு மைக்கை இன்னொன்றாக மாற்ற வேண்டுமானால், போய்ச் சேர வேண்டிய மைக்கின் வளைவு (எந்த அதிர்வெண்ணை எவ்வளவு பதிவு செய்கிறது என்று காட்டும் கோடு) மட்டும் தெரிந்தால் போதாது. புறப்படுகிற மைக்கின் வளைவும் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஸ்லேட் டிஜிட்டல், டவுன்சென்ட் லேப்ஸ் போன்ற நிறுவனங்கள் மைக்குகளைப் போலி செய்யும் மென்பொருளைத் தங்கள் சொந்த மைக்கோடு சேர்த்தே கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம். மலிவான மைக்குகளிலோ ஒரே மாடலின் இரண்டு பிரதிகளே ஒன்றுபோல் இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் மைக்கின் வளைவு தெரியாத ப்ரீசெட் அதன் குறைக்கு மேல் இன்னொரு நிறத்தைப் பூசும். குறை அப்படியே இருக்கும்.

திசையை மறந்துவிடுவது

மைக் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வளைவு, நேர் எதிரே இருந்து வரும் ஒலிக்கு மட்டுமே உரியது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிக்கு அதே மைக் வேறு வளைவைக் காட்டும். நல்ல மைக்குகளின் விலையில் கணிசமான பகுதி இதற்காகத்தான்: பக்கத்திலிருந்து வரும் ஒலி அளவில் குறைந்தாலும் குணம் மாறாமல் வரவேண்டும். மலிவான மைக்கில் அது மங்கியோ கரகரத்தோ வரும். நேரே வந்த குரலும் சுவரில் பட்டுப் பக்கவாட்டில் வந்த குரலும் ஒரே சேனலில் கலந்துவிட்ட பிறகு, எது எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற தகவல் பதிவில் எங்கும் இல்லை. ஈக்வலைசர் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றும். டவுன்சென்டின் ஸ்ஃபியர் மைக் முன்பக்க ஒலியையும் பின்பக்க ஒலியையும் இரண்டு தனிச் சேனல்களாகப் பதிவு செய்வது இதனால்தான். திசைத் தகவலைக் கையில் வைத்திருந்தால்தான் மென்பொருளால் அதைப் பின்னர் மாற்ற முடியும்.

அறையின் குறையை மைக்கின் மேல் போடுவது

எனக்குத் தெரிந்தவரை, மைக்கைக் குறை சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு மைக் பிரச்சினையே அல்ல, அறைதான் பிரச்சினை. அதிலும் மேசை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே 30 சென்டிமீட்டர். இரண்டும் மேசையிலிருந்து 28 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. குரல் நேராகப் போனால் 30 சென்டிமீட்டர் கடக்கிறது. மேசையில் பட்டுத் திரும்பினால் ஏறக்குறைய 64 சென்டிமீட்டர். வித்தியாசம் 34 சென்டிமீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்பதால், மேசையில் பட்ட குரல் ஒரு மில்லி நொடி தாமதமாக வந்து சேரும். அப்படி வந்து சேரும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் நேர்க்குரலைக் குறைக்கும். 1000, 2000 ஹெர்ட்ஸில் அதைக் கூட்டும். பேச்சின் உயிர் இருக்கும் பகுதி முழுவதும் சீப்பின் பற்களைப்போல் பள்ளங்கள் விழுந்துவிடுகின்றன. டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பள்ளம் விழுந்த இடத்தில் ஈக்வலைசரால் தூக்கிவிடலாமே என்று தோன்றும். தலையைச் சற்று அசைத்தாலே தூர வித்தியாசம் மாறும், பள்ளங்களும் இடம் மாறும். முந்தைய நொடிக்குச் சரியாக இருந்த திருத்தம் அடுத்த நொடியில் புதிய குறையாகிவிடும். மேசையில் தடித்த துணியை விரிப்பதோ, மைக்கின் கோணத்தை மாற்றுவதோ, இன்னும் நெருங்கிப் பேசுவதோ இதைவிடப் பல மடங்கு பலன் தரும்.

நெருங்கிப் பேசுவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தூரம் பாதியாகும்போது நேர்க்குரல் 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். 60 சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். எதிரொலியை நீக்கும் எந்த மென்பொருளும் குரலைக் காயப்படுத்தாமல் இவ்வளவைத் தந்து நான் கேட்டதில்லை. முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு போன்ற திசை மைக்குகளில் நெருங்கும்போது அடித்தொனி பெருகும், 'ப' வரும் இடங்களில் காற்று மோதி 'டப்' என்று கேட்கும். பரவாயில்லை. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்று ஓரமாக வைத்தால் காற்று விலகிப்போகும். பெருகிய அடித்தொனியை ஈக்வலைசர் எளிதாகக் குறைத்துவிடும். மென்பொருளால் தீராத குறையைக் கொடுத்துவிட்டு, தீரக்கூடிய குறையை வாங்கிக்கொள்கிறோம். மலிவான மைக்கோடு வேலை செய்கிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய பேரம் இதுதான்.

கெயினை ஏற்றிவைப்பது

குரல் சத்தமாகப் பதிவானால் தரமாக இருக்கும் என்று நினைத்து கெயினை, அதாவது மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் அளவை, திருகிவைப்பவர்கள் உண்டு. அளவு மீறினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டப்படும். வெட்டுப்பட்ட பகுதியைச் சீர்செய்யும் மென்பொருள்கள், அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகின்றன. ஓரிரு இடங்களில் அது தேறும். வாக்கியத்துக்கு வாக்கியம் வெட்டியிருந்தால் தேறாது. 24 பிட்டில் பதிவு செய்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி (வெட்டுப்படும் எல்லை 0) இருக்கும்படி வைத்தால் கவலையில்லை. பிறகு மென்பொருளில் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

விலை கூடினால் இரைச்சல் குறையும் என்று நம்புவது

நாய்மனின் இன்றைய யு 87 ஏஐ மைக்கின் சொந்த இரைச்சல் (மைக்கே எழுப்பும் இரைச்சல்) கார்டியாய்டு நிலையில் 12 டெசிபல். அதன் விலையில் ஒரு சிறு பங்கே உள்ள ரோட் என்டி1-ஏ மைக்கின் இரைச்சல் 5 டெசிபல்தான். யு 87-ஐ மதிப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. இரைச்சல் அவற்றில் ஒன்றல்ல. நம் பதிவுகளில் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் மின்விசிறியிலிருந்தோ, கணினியிலிருந்தோ, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியின் ப்ரீஆம்ப் என்ற பெருக்கியிலிருந்தோ வருவது.

இதை உணராமல் புதிய மைக் வாங்கி ஏமாறுகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பாட்காஸ்ட் காட்சிகளில் அடிக்கடி தென்படும் ஷூர் எஸ்எம்7பி நல்ல மைக். ஆனால் அதன் வெளியீடு மிகச் சன்னமானது. சுமார் 60 டெசிபல் கெயின் கேட்கும். வலுவில்லாத இன்டர்ஃபேஸில் அதைச் செருகினால், பழைய மலிவான கண்டென்சரைவிடக் கூடுதலாகச் 'சர்ர்ர்' என்று கேட்கும்.

இரைச்சலை வேரோடு பிடுங்க நினைப்பது

இரைச்சல் நீக்கும் கருவியை முழு அளவுக்குத் தள்ளிவைப்பது மிகப் பரவலான தவறு. குரலுக்கு இடையே நீர்க்குமிழி உடைவதுபோன்ற ஒலி எழும். சொற்களின் கடைசி எழுத்துகள் கரையும். 'வந்தார்கள்' என்பதில் 'ள்' காணாமல் போகும். எட்டு டெசிபல் வரை குறைத்தாலே காதுக்குப் போதுமான அமைதி கிடைத்துவிடும். மிச்ச இரைச்சல் குரலுக்கு அடியில் மறைந்துகொள்ளும்.

அளவு மீறிவிட்டோமா என்று கண்டுபிடிக்க ஓர் உறுதியான வழி உண்டு. இப்படிப்பட்ட கருவிகள் பலவற்றில், நீக்கப்பட்ட பகுதியை மட்டும் தனியாகக் கேட்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிக் கேளுங்கள். வெறும் இரைச்சல் மட்டும் கேட்டால் சரி. அதற்குள் பேச்சின் துண்டுகள் கேட்டால், குரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் துண்டுகள் மறையும்வரை அளவைக் குறையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. ழான்-மார்க் வாலின் உருவாக்கிய ஆர்என்நாய்ஸ் போன்றவை, ஒலியை அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, எதைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் முடிவெடுக்கின்றன. அங்கே கேட்பது உங்கள் குரல்தான். இன்னொரு வகை, உங்கள் குரலைக் கேட்டுவிட்டு அதைப்போலவே புதிய குரல் அலையை உருவாக்கித் தருகிறது. மலிவான மைக் விலை உயர்ந்ததாக மாறிவிட்டதுபோன்ற மயக்கத்தை அதிகம் தருவது இதுதான். விளைவு பல நேரம் வியக்க வைக்கும். ஆனால் பதிவில் தெளிவில்லாத இடத்தை அது தான் கற்றதைக் கொண்டு நிரப்பும். 'பழம்' என்று பேசியது 'பள்ளம்' போலவோ 'பலம்' போலவோ ஆகிவிட வாய்ப்புண்டு. ஆட்பெயர்கள், எண்கள், ழகர ளகர லகரங்கள் வரும் இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்காமல் வெளியிட வேண்டாம். நேர்காணல், வாய்மொழி வரலாறு, சாட்சியாகக்கூடிய பதிவு ஆகியவற்றுக்கு இந்த வகையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அங்கே பேசியவரின் குரலே ஆவணம்.

சத்தத்தைத் தரம் என்று எண்ணி ஏமாறுவது

ப்ளக்-இன் என்ற துணை மென்பொருளைப் போட்டதும் குரல் செழித்துவிட்டதாகத் தோன்றும். பெரும்பாலும் அது ஓரிரு டெசிபல் சத்தமாகியிருக்கும், அவ்வளவே. சத்தம் கூடியதைத் தரம் கூடியதாக எடுத்துக்கொள்வது எல்லாக் காதுகளின் பழக்கம். முன்னும் பின்னும் சத்தத்தைச் சமமாக்கிவிட்டு, எது எது என்று பார்க்காமல் கேளுங்கள். சேர்த்துவைத்த ப்ளக்-இன்களில் பாதி இந்தச் சோதனையிலேயே கழன்றுவிடும்.

வரிசையும் முக்கியம். இரைச்சலை நீக்குவது முதலில், ஈக்வலைசர் அடுத்து, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் அதன் பிறகு. கம்ப்ரஸரை முதலில் போட்டால், பேச்சுக்கு இடைப்பட்ட இரைச்சலையும் எதிரொலியையும் அது தூக்கிவிட்டுவிடும். காணொளி அழைப்புச் செயலிகள் தாமாகவே இரைச்சலைக் குறைக்கும் என்பதால், அவற்றுக்கு மேல் இன்னொரு நீக்கியை ஓட்டுவதும் குரலைச் சிதைக்கும், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு விலை உயர்ந்த மைக்குக்கு வேலையே இல்லையா? பல கருவிகளை ஒரே அறையில் ஒரே நேரத்தில் பதிவு செய்யும்போது, ஒரு மைக்குக்குள் அடுத்தவர் வாசிப்பது பக்கவாட்டில் நுழையும். அங்கே மைக்கின் தரத்தை மென்பொருளால் ஈடுகட்ட முடியாது. நுட்பமான பாட்டுக்கும் அப்படித்தான். ஒருவர் தனியாக, நெருங்கி, அமைதியான அறையில் பேசும் பதிவுக்கோ ஈக்வலைசர் சரிசெய்த மலிவான மைக் தாராளமாகப் போதும். கேட்கிறவர் வித்தியாசம் காண்பது கடினம்.

கடைசியாக ஒன்று: திருத்திய கோப்பை மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். எந்தத் திருத்தமும் இல்லாத வேவ் கோப்பைத் தனியாக எடுத்துவையுங்கள். இன்று அளவுமீறி நீக்கியதாக அடுத்த வாரம் தெரிந்தால், அந்தக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்கலாம்.