பேய் இல்லாமல் திகில் குறும்படம் எடுக்க ஒரு ஆள், ஒரு ரூம், ஆடிக் காற்று போதும்

தனியாகக் கிடந்து கிடந்து மனசு பிசகிப் போகிற ஒருவனைப் பற்றிப் படம் எடுக்க, பாழடைந்த பங்களா தேடி அலைய வேண்டாம். திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைக் காத்தாடிகளுக்கு நடுவில் ஒற்றை வாட்ச்மேன் ரூம் கிடைத்தால் போதும். அனுமதி வாங்கிக்கொண்டு, ஆடிக் காற்று அடங்குவதற்குள் போய்விடுங்கள். காற்றுதான் உங்கள் இரண்டாவது நடிகர்.

முதலில் பயத்தைக் காட்டாதீர்கள், பழக்கத்தைக் காட்டுங்கள். அவன் காலையில் எழுந்து, குடத்தில் தண்ணீர் மொண்டு, கருப்பட்டிக் காப்பி போட்டு, ஒரு டம்ளரில் ஊற்றி வாசல்படியில் உட்கார்ந்து குடிக்கிறான். மூன்று நாளும் இதேதான், கேமராவும் அதே இடத்தில், அதே உயரத்தில். நாலாம் நாள் இரண்டு டம்ளரில் ஊற்றட்டும். முகத்தில் ஒன்றும் தெரிய வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். ஐந்தாம் நாள் அந்த இரண்டாவது டம்ளர் காலியாக இருந்தால் பார்க்கிறவனுக்கு வயிற்றைப் பிசையும்.

இப்படி ஒரு படம் எடுத்தபோது நாங்கள் செய்த தப்பு ஒன்று. ரூமுக்குப் பின்னால் இருந்த சுடலைமாடன் பீடம் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று ஒரு ஷாட்டில் வைத்தோம். வீட்டில் போட்டுக் காட்டினால் ஆச்சி, "மாடன் அடிச்சிருக்கு, ஒரு கொடை குடுத்தா சரியாயிரும்லா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டாள். பேய் என்றால் பரிகாரம் உண்டு, பயம் அங்கேயே முடிந்தது. பீடம் வந்த ஷாட்டை வெட்டி எறிந்தோம்.

அப்புறம் சத்தம். பாதிப் படம் இதில்தான் இருக்கிறது. மிக்ஸி ஓடும்போது யாரோ நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும் இல்லையா, ஒரே சீராக ஓடுகிற இரைச்சலுக்குள் மூளை பேச்சைத் தேடும். காத்தாடி இறக்கையின் 'உஷ்... உஷ்...' சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள், மைக்குக்கு ரோமக் கவர் போடாவிட்டால் வெறும் படபடப்புதான் விழும். எடிட்டில் அந்த உஷ்ஷுக்கு அடியில் அவன் அம்மா "ஏலே, சாப்ட்டியாலே" என்று கேட்பதை, கேட்டதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மட்டும் வையுங்கள். கொஞ்சம் கூட்டினாலும் பேய்ப்படம் ஆகிவிடும். கிளம்பும் முன் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ரூமின் சும்மா சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள், பின்னால் ஒட்டுப்போட உதவும்.

ஃபிரேமை அகலமாக வைக்காதீர்கள். 2019இல் வந்த 'தி லைட்ஹவுஸ்' படத்தின் ஃபிரேம் 1.19:1, கிட்டத்தட்ட சதுரம். ஆள் நிமிர்ந்து நின்றாலே இரண்டு பக்கமும் சுவர் நெருக்குவது போல இருக்கும். போனில் 4:3 போதும். நம்மூர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி வையுங்கள், பல்பு மினுங்காது.

நடிகரிடம் தலையைக் கலைத்துக்கொண்டு சிரிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கம் கெட்டவன் மெதுவாகத்தான் நடப்பான், சொன்னதையே திரும்பச் சொல்வான். அதற்காக அந்தப் பையனை நிஜமாகவே ராத்திரி முழுக்க விழிக்க வைக்காதீர்கள்.

கடைசியில் மாற்று ஆள் பைக்கில் வந்து இறங்கட்டும். இவன் சிரித்த முகமாக எழுந்து போய், மூன்று டம்ளர் எடுத்து வைக்கட்டும். அங்கேயே கட் பண்ணிவிடுங்கள்.