குடியை நிறுத்தச் சேர்க்கும் முன்: நெல்லைப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

நம்ம பக்கம் ஒருவரைக் குடி மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பது பெரும்பாலும் ஒரு பெரிய சண்டைக்கு மறுநாள் முடிவாகிறது. மச்சான் முறையில் யாராவது ஒரு நம்பர் தருவார், வேன் வரும், ஆளை ஏற்றிக்கொண்டு போகும். அங்கே டாக்டர் இருக்கிறாரா என்று கேட்கும் நிதானம் அன்றைக்கு யாருக்கும் இருக்காது. இருப்பதிலேயே ஆபத்தான தவறு இதுதான்.

தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு 2 முதல் 4 நாளுக்குள் புத்தி தடுமாறும். இல்லாத ஆளோடு பேசுவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். வீட்டில் இதைச் சாமிக் குற்றம் என்று நினைத்துக் கோடாங்கியைத் தேடுவார்கள். கோயிலில் கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை, பலருக்கு அது ஒரு பிடிமானம். ஆனால் கயிறு கட்டிய கையோடு டாக்டரைப் பார்க்காமல் ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கலாம்.

டாக்டர் என்றால் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார். வைட்டமின் பி1 ஊசியும் போடுவார். பி1 குறைந்தவருக்கு அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால், ‘ரெண்டு பாட்டில் ஏத்தினா தெளிஞ்சிருவாரு’ என்று சொல்லும் இடம் வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில், அதாவது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. மையத்தில் சேர்ப்பதாக இருந்தாலும் முதலில் அங்கே காட்டிவிடுவது நல்லது. பெரியாஸ்பத்திரியா என்று முகம் சுளிப்பவர்கள் தனியாரிடம் என்ன கிடைக்கிறது என்பதையும் விசாரித்துப் பார்க்கட்டும்.

அடுத்தது, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் பொடி. அந்தப் பொடியில் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் விழும், சாவுகூட நேரலாம். மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. சம்பந்தப்பட்டவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லிச் சாப்பிட வேண்டிய மருந்து அது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் பொட்டலமாக விற்கும் எதையும் வாங்காதீர்கள்.

அடித்துத் திருத்துவார்கள் என்று தெரிந்தே சேர்ப்பவர்களும் உண்டு. சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடுக்கிறது. குடியால் வரும் மனநலச் சிக்கல்களும் அந்தச் சட்டத்துக்குள் வரும். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு ஆட்களைப் பார்க்கவோ போனில் பேசவோ விடமாட்டோம் என்றால் அங்கே சேர்க்கவே வேண்டாம்.

அப்புறம், திரும்பி வரும் நாள். ஊர்க் கொடைக்குள், அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்குள், ஆள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பலரும் சேர்க்கிறார்கள். கொடைக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் சொக்காரர்கள் வந்திறங்குவார்கள், தோப்பில் பாட்டில் திறக்கும், ‘இன்னைக்கு ஒருநாள்தானே’ என்று கையில் கிளாஸைத் திணிப்பார்கள். கொடை முடிந்தபின் வீட்டுக்கு வரும்படி நாளைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். வந்த பிறகு எத்தனை நாளைக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும், ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரை இவருக்குப் பொருந்துமா, மறுபடி குடித்துவிட்டால் திட்டாமல் சேர்த்துக்கொள்வார்களா என்பதையெல்லாம் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் 14416க்குப் போன் போடலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.