லைன் வேலைக்கு வரும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பஹாவ் வட்டாரத் தோட்டங்களில் பள்ளி முடித்த பிள்ளைகள், மின்கம்பத்தில் ஏறிச் செய்யும் லைன் வேலை பற்றி என்னிடம் கேட்கும்போது மனம் நிறைகிறது. சோறு போடும் தொழில் அது. ஆனால் வயரிங் செய்யும் மாமாவோடு ஆறு மாதம் சுற்றிவிட்டு, தொழில் தெரியும் என்று வந்து நிற்காதீர்கள். வீட்டில் 230 வோல்ட். தோட்டத்து ரோட்டோரம் போகிற லைனில் 11,000 வோல்ட். அதைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே தாவும். செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கழி கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுமுன் எந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்று கேளுங்கள். எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வேறு, எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா தரும் தகுதிச் சான்றிதழ் வேறு. அதிலும் வயரிங் செய்பவருக்குப் பெண்டாவாய், மின்சாதனங்களைக் கவனிப்பவருக்குப் பென்ஜாகா ஜென்தெரா, கேபிள் இணைப்பவருக்குப் பெஞ்சந்தும் காபல் என்று தனித்தனி; ஒன்றை வைத்து மற்றதைச் செய்ய முடியாது. வண்டி லைசென்ஸ் எடுக்கும்போதும் ஆட்டோமேட்டிக் காருக்கான டிஏ போதும் என்று நிற்காதீர்கள். கியர் வண்டியைத் தொட முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, "கரண்டை மூடியாச்சு" என்ற வார்த்தையை நம்பி ஏறுவது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், புயல்மழை ஓய்ந்த ஒரு மாலை. சுவிட்சை மூடியாச்சு என்றார்கள். கம்பியில் கரண்டு இருந்தால் சத்தம் போடும் டெஸ்டரை நீட்டினேன், கூவியது. பக்கத்துக் கடைக்காரர், கடையை லைனிலிருந்து பிரித்துவிடும் மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓடவிட்டிருந்தார். அந்தக் கரண்டு லைனுக்குள் திரும்பி வந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏறினால் அதுவே மேல் கம்பியில் 11,000 வோல்ட்டாகிவிடும். அதனால் முதலில் கரண்டு உள்ள இடத்தில் டெஸ்டரைச் சோதியுங்கள், பிறகு கம்பியில் வையுங்கள், மறுபடி கரண்டு உள்ள இடத்தில் சோதியுங்கள். நடுவில் டெஸ்டரே செத்திருக்கலாம் அல்லவா? பிறகு வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் போடுங்கள். அவசரம் என்று யார் கத்தினாலும் இதில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

இடி கேட்டால் உடனே இறங்கிவிடுங்கள்.

ரப்பர் கையுறையைத் தினமும் பாருங்கள். நம் பாட்டிமார் ரப்பர் மரத்தில் வெட்டிய பால்தான் அது, கையில் போடும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி, காற்றை விரல்களுக்குள் அடைத்து, கன்னத்தோரம் வைத்து அழுத்துங்கள். ஓட்டை இருந்தால் மெல்லிய காற்று கன்னத்தில் படும். அப்படிப்பட்டதை வெட்டிப் போட்டுவிடுங்கள். பையில் திரும்ப வைத்தால் நாளைக்கு வேறொரு பிள்ளை எடுத்துப் போட்டுக்கொள்வான்.