பழைய நாணயம் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு: நயா பைசாவிலிருந்து ஒரு வழி

பழைய நாணயம் ஒன்றைக் காட்டினால் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு இந்தப் பொழுதுபோக்கில் நுழைபவர்கள் சில மாதங்களிலேயே சலித்துப்போகிறார்கள். வீட்டு உண்டியலிலும் பாட்டியின் சுருக்குப்பையிலும் கிடைப்பவை ஏராளமாக அடிக்கப்பட்ட காசுகள். அவற்றுக்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால் ஒரு காசை எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்த உலோகத்தில் அடித்தார்கள் என்பதை நாமே கண்டறியும் பழக்கம் வந்துவிட்டால், அந்தச் சுருக்குப்பையே பல மாத வேலைக்குப் போதும். அந்தப் பழக்கத்தைப் பெறுவதற்கான படிகளை இங்கே எழுதுகிறேன்.

படி 1: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

சோழர் காசு, ரோமானியக் காசு, விக்டோரியா ரூபாய் என அனைத்தையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். என் பரிந்துரை நயா பைசா வரிசைதான். 1957 ஏப்ரல் 1 அன்று தசம முறை நடைமுறைக்கு வந்ததும், பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. 1964 ஜூன் முதல் 'புதிய' எனப் பொருள்படும் 'நயா' என்ற சொல் கைவிடப்பட்டது. ஆகவே இது குறுகிய வரிசை, விலையும் குறைவு. வட்டமான ஒரு பைசா, சதுரமான ஐந்து பைசா, பூவிதழ் விளிம்புடைய இரண்டு பைசா, பத்து பைசா என வடிவங்கள் வேறுபடுவதால் தொடக்கநிலையாளருக்கும் குழப்பம் வராது.

படி 2: கருவிகள்

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, ஒரு காந்தம், மடக்கக்கூடிய மேசை விளக்கு ஆகிய நான்கும் போதும். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட உருப்பெருக்கியே மேல் என்பது என் கருத்து. கேமரா தானாகவே படத்தைக் கூர்மையாக்கி, இல்லாத கோடுகளையும் காட்டிவிடும். கையுறையும் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் காசு அதில் வழுக்கிக் கீழே விழுகிறது. சோப்பிட்டுக் கழுவி உலர்த்திய விரல்களால் விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

காந்தம் எதற்கு என்று கேட்பவர்கள் ஆங்கிலேய மன்னர் ஆறாம் ஜார்ஜின் காலத்து ரூபாய்கள் சிலவற்றை எடுத்துப் பார்க்கலாம். விக்டோரியா காலத்திலிருந்து ரூபாய் 11.66 கிராம் எடையும் 91.7 விழுக்காடு வெள்ளியும் கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1940இல், வெள்ளி ஐம்பது விழுக்காடாகக் குறைக்கப்பட்டது; 1947 ரூபாயிலோ வெள்ளியே இல்லை, முழுவதும் நிக்கல். எடை மாறாததால் தராசில் மூன்றும் ஒன்றுபோலவே நிற்கும், ஆனால் நிக்கல் ரூபாய் மட்டும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். 1943 முதல் வந்த ஓட்டைக் காலணாவும் செம்பை மிச்சப்படுத்த வேண்டியிருந்த அதே போர்க்கால நெருக்கடியில் பிறந்ததுதான்.

படி 3: நாணயச்சாலைக் குறியை வாசித்தல்

எனக்கு நெடுநாள் தடையாக இருந்த படி இது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். குடியரசுக் கால நாணயங்களில் பெரும்பாலும் ஆண்டிற்குக் கீழே, காசு அடித்த நாணயச்சாலையை (சுருக்கமாகச் 'சாலை') காட்டும் ஒரு சிறு குறி இருக்கும். மும்பைக்கு வைர வடிவம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. ஐதராபாத் சாலை பிளந்த வைரத்தையும் நடுவில் புள்ளியுள்ள வைரத்தையும் பயன்படுத்திய ஆண்டுகளும் உண்டு.

சிக்கல் தேய்மானத்தில் இருக்கிறது. தேய்ந்த நட்சத்திரம் புள்ளியாகத் தெரியும், முழுக்கத் தேய்ந்த வைரம் கொல்கத்தா என்று ஏமாற்றும், ஆழமான கீறல் புதிய குறியாகத் தோன்றும். இதற்கு நான் கண்ட வழி, அறையின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கை மேசைப் பரப்புக்கு ஏறத்தாழ இணையாகத் தாழ்த்தி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழும்படி வைப்பது. புடைத்த குறியின் விளக்குப் பக்க ஓரம் ஒளிர்ந்து, எதிர்ப்பக்கம் நிழல் விழும். பள்ளமான கீறலில் இது தலைகீழாக இருக்கும். காசை மெல்லச் சுழற்றும்போது நிழல் குறியைச் சுற்றி இடம் மாறுகிறதா என்று பாருங்கள். அப்படி மாறாமல், குறியின் ஒரே பக்கத்தில் ஒட்டிக் காசோடு சேர்ந்து சுழலும் கருமை வெறும் அழுக்கு.

அப்போதும் ஐயம் தீரவில்லையென்றால் ஆண்டு உதவும். நொய்டா சாலை 1988இல்தான் தொடங்கியது. எனவே 1975ஆம் ஆண்டுக் காசில் காணும் புள்ளி எதுவாயினும் நொய்டா அன்று. ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாயிலும் புள்ளி உண்டு, ஆனால் அங்கே அது பம்பாயைக் குறிக்கும். 1944, 1945 ரூபாய்களில் 'எல்' என்ற ஆங்கில எழுத்தைக் கண்டால் அது லாகூரில் அடித்தது. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் 'ஹெச்' இருந்தால் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்தது.

படி 4: தேய்க்காதீர்கள்

புளி, எலுமிச்சை, பித்தளைப் பாலிஷ், பற்பசை ஆகிய எதுவும் வேண்டாம். காலப்போக்கில் தானாகப் படிந்த மேற்படலம் ஒருமுறை போனால் திரும்ப வராது, தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பாளர் யாரும் விரும்புவதுமில்லை. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள்.

படி 5: சேமிப்பு

புதிய மழைக்கோட்டின் வாடை அடிக்கும் மென்பிளாஸ்டிக் ஆல்பங்களை வாங்காதீர்கள். அவை பிவிசியால் ஆனவை; நம் ஊர் வெப்பத்தில் அமிலம் கசிந்து, காசின்மேல் பச்சை நிறப் பிசின் படியும். மைலார் என்ற தெளிந்த பாலியஸ்டர் தாளாலான சாளரமுள்ள அட்டை உறைகளே என் தேர்வு. உறையை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியதும் பின்னின் கால்களைக் குறட்டால் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த உறையிலுள்ள காசைக் கீறும். உறையின்மேல் ஆண்டு, சாலை, எடை, கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதுங்கள். காசு உள்ளே இருக்கும்போது அல்ல, அதற்கு முன்பே.

படி 6: வாங்கும்போது

கட்டு கட்டாக வரும் 'கலப்புப் பை'களைவிட, ஆண்டும் சாலையும் தெரியும்படி தனித்தனியாக விற்பவரிடம் வாங்குவதே நல்லது. நூறாண்டைக் கடந்த காசுகளை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. மண்ணில் புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பல லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் வரும் அழைப்புகள் மோசடி. அந்த வங்கியே 2021இல் இதை எச்சரித்திருக்கிறது.

பின்னர் சேர்த்தது: இராமர் பட்டாபிஷேகமும் '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' என்ற எழுத்தும் கொண்ட காசு தம்மிடம் உள்ளதாக வாசகர்கள் பலர் படம் அனுப்புகிறார்கள். அது கம்பெனி அடித்த நாணயமே அன்று. பிற்காலத்தில் பக்தர்களுக்கு விற்பதற்காகச் செய்த வில்லை. கம்பெனியின் காசில் கோயிலைக் காண விரும்பினால் சென்னைச் சாலை 1807ஐ ஒட்டி அடித்த வெள்ளி அரை வராகனைத் தேடுங்கள். அதில் ஒரு பக்கம் கோபுரமும் மறுபக்கம் தெய்வ உருவமும் இருக்கும், அதைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து ஓடும். தொடக்கநிலையாளரின் பையில் தற்செயலாகக் கிடைக்கும் காசு அதுவன்று, ஆகவே எவரேனும் அதை மலிவாகக் கொடுத்தால் முதலில் எடை போடுங்கள்.